லென்ஸைக் கடைசியில் சந்தேகப்படுங்கள்

போன தீபாவளிக்கு வந்த அக்கா மகன் என் அலமாரியைக் குடைந்து ஒரு பழைய சி.டி. பிளேயரை எடுத்தான். செல் போட்டான், தட்டைப் பொருத்தினான், பொத்தானை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. கால் மணி நேரம் கழித்து ஸ்குரூ டிரைவரும் கையுமாக வந்து நின்றான்.

"மாமா, இது செத்துப் போச்சு. லென்ஸ் போயிருக்கும். கழட்டிப் பாக்கட்டுமா?"

"பக்கவாட்டுல சின்னதா ஒரு தள்ளுகட்டை இருக்கு பாரு. அதை இந்தப் பக்கம் தள்ளுடா."

தள்ளினான். பாடியது.

அந்தத் தள்ளுகட்டைக்கு ஹோல்டு என்று பெயர். பைக்குள் எதிலாவது இடித்துப் பொத்தான்கள் தாமாக அமுங்கிவிடாமல் பூட்டி வைப்பது அதன் வேலை. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் திரையில் அந்தச் சொல் ஒரு நொடி மின்னி மறைந்திருக்கும், அவன் பார்க்கவில்லை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. சி.டி. பிளேயர் பாடவில்லை என்றால் எல்லோரும் முதலில் கைகாட்டுவது லென்ஸைத்தான். என் அனுபவத்தில் அது கடைசியாகக் கைகாட்ட வேண்டிய இடம். ஹோல்டு, மின்சாரம், மூடி, தட்டு, ஹெட்போன் கம்பி, எல்லாம் பார்த்த பிறகுதான் லென்ஸ். மூடியையும் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மூடி சரியாகச் சாத்தியிருக்கிறதா என்பதை ஒரு குட்டி சுவிட்ச் கவனித்துக்கொண்டே இருக்கும். அது அமுங்காதவரை தட்டு சுழலாது, லேசரும் எரியாது. அந்தச் சுவிட்ச் இருக்கும் ஓட்டையில் தூசி அடைந்து நின்றுபோன கருவிகளை ஒரே ஊதலில் சரிசெய்திருக்கிறேன்.

உள்ளே நடப்பது கொஞ்சம் தெரிந்திருந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். மூடியைத் திறந்தால் நீலம் பாய்ந்த ஒரு சின்னப் பொட்டு தெரிகிறதே, அதுதான் லென்ஸ். அதன் வழியாக வரும் அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் மூடிச் சுவிட்சைக் குச்சியால் அழுத்தி ஏமாற்றி உள்ளே எட்டிப் பார்க்கும் வேலை வேண்டாம். தட்டில் பாட்டு ஒரே சுருளாகப் பதிந்திருக்கிறது. சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், ஒரு தலைமுடியின் பருமனுக்குள் நாற்பது சுற்று போல அடங்கிவிடும். சுழலும் தட்டு லேசாக ஏறி இறங்கும்போது லென்ஸும் கூடவே ஏறி இறங்க வேண்டும் என்பதற்காக, அதை மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டிருப்பார்கள். விரலால் அழுத்தினால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள்.

1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனி சி.டி.பி.-101 மேசையில் வைக்கும் பெட்டி. இரண்டே ஆண்டில், 1984இல், அதே நிறுவனம் டி-50 என்ற கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தது. நான்கு சி.டி. உறைகளை அடுக்கினால் எவ்வளவு பருமனோ அவ்வளவுதான் அது. டிஸ்க்மேன் என்ற பெயர் பரவி, எந்த நிறுவனத்தின் கருவியையும் அப்படியே அழைக்கும் பழக்கம் நம் ஊரிலும் வந்துவிட்டது. இன்றும் புதிதாகச் செய்கிறார்கள்: ஃபியோ டி.எம்.13, மூன்டிராப் டிஸ்க்டிரீம் போன்றவை உள்ளேயே பேட்டரியோடு வருகின்றன. இந்த அத்தியாயம் பெரும்பாலும் பழைய கருவிகளுக்கானது. உங்கள் வீட்டுப் பரணில் இருப்பதும் அதுவாகத்தான் இருக்கும்.

தட்டைப் போடுவதும் எடுப்பதும்

வீட்டில் வைக்கும் பெரிய பிளேயரில் தட்டைத் தட்டத்தில் வைத்தால் போதும், அது உள்ளே இழுத்துக்கொள்ளும். கையடக்கக் கருவியில் நடுக்குமிழில் தட்டு 'டக்' என்று கவ்வ வேண்டும். இரண்டு விரலால் நடுத்துளையின் இரு பக்கமும் அழுத்துங்கள், ஓரத்தை அழுத்தாதீர்கள். எடுக்கும்போது கட்டைவிரலால் குமிழை அமுக்கிக்கொண்டு மற்ற விரல்களால் ஓரத்தைத் தூக்குங்கள். சரியாகக் கவ்வாத தட்டு சுழலும்போது உரசும்; 'தட்டு இல்லை' என்று திரை சொல்லும்; நாம் லென்ஸைத் திட்டுவோம்.

ஒரு சி.டி. உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கப்படுகிறது. இதைத் தெரிந்துகொண்டால் எந்தக் கீறலுக்குக் கவலைப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது தெளிவாகும். 30 நிமிடம் ஓடும் ஒரு சினிமாப் பாட்டுத் தட்டில் இசை முடியும் இடம் நடுப்புள்ளியிலிருந்து ஏறத்தாழ 42 மில்லிமீட்டர். தட்டின் ஆரம் 60. மீதி ஓரமெல்லாம் வெறும் இடம். தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் நிறம் மாறும் கோடு தெரியும். அந்தக் கோட்டுக்கு வெளியே எத்தனை கீறல் இருந்தாலும் உங்கள் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் 74 நிமிடமும் நிரம்பிய கர்நாடக இசைக் கச்சேரித் தட்டு அப்படியல்ல. வர்ணம் உள்ளே பத்திரமாக இருக்கும். நாம் பிடிக்கும் ஓரத்தில் வந்து உட்காருவது தில்லானாவும் மங்களமும். கச்சேரித் தட்டுகளில் கடைசி உருப்படி மட்டும் திக்குவதற்கு முக்கால்வாசி நேரம் நம் விரல்ரேகைதான் காரணம்.

துடைப்பதற்குத் துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தித் துணி போதும். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். காரணம் இது: தடத்துக்குக் குறுக்கே விழும் கீறலில் ஒவ்வொரு சுற்றிலும் துளித்துளியாகத்தான் தகவல் போகும், அதைக் கணக்குப் போட்டு ஈடுசெய்யும் ஏற்பாடு சி.டி.யிலேயே உண்டு. தடத்தோடு ஒட்டி ஓடும் வட்டக் கீறலில் ஒரே இடத்தில் மொத்தமாகப் போய்விடும். அந்த ஏற்பாட்டால் முழுமையாக ஈடுகட்ட முடிவது தடத்தில் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் வரைதான். பற்பசை தேய்த்துக் கீறலைப் போக்கும் வித்தையை நானும் செய்திருக்கிறேன். மேலோட்டமான கீறலுக்கு உதவுகிறது. போனாலும் பரவாயில்லை என்ற தட்டில் முதலில் பழகுங்கள்.

பலர் நினைப்பதற்கு நேர்மாறான ஒன்று: படம் அச்சிட்ட பக்கம்தான் அதிக ஆபத்தான பக்கம். பளபளக்கும் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் கவசம் இருக்கிறது. படப் பக்கத்தில் அலுமினியப் பூச்சுக்கு மேலே இருப்பது மெல்லிய வார்னிஷும் மையும் மட்டுமே. அங்கே பால்பாயின்ட் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதினால் பாட்டின் மேலேயே எழுதுகிறீர்கள்.

வீட்டில்

வீட்டில் செல்லைத் தீர்ப்பானேன் என்று அடாப்டருக்குப் போவோம். போங்கள், ஆனால் கருவியின் அடாப்டர் துளைக்குப் பக்கத்தில் உள்ள படத்தைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஒரு பிறை, இரு பக்கமும் கூட்டல் கழித்தல் குறிகள். பின்னின் நடுப்பகுதி கூட்டலா கழித்தலா என்பதை அது சொல்கிறது. வோல்ட்டும் அங்கேயே இருக்கும். பிற்காலக் கருவிகள் பலவற்றுக்கு 4.5 வோல்ட், 80களின் சில கருவிகளுக்கு 9. ஜப்பானிலிருந்து யாராவது கொண்டுவந்த கருவியென்றால் அதன் அடாப்டர் அந்நாட்டு 100 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். நம் 230இல் செருகினால் புகைதான்.

ஒருமுறை ஒரு கடையில், வோல்ட்டை மாற்றிக்கொள்ளும் தள்ளுகட்டை வைத்த அடாப்டர் வாங்கினேன். "எல்லாத்துக்கும் போடலாம் சார்" என்றார் கடைக்காரர். போட்டேன். பின்னின் முனை திரும்பியிருந்தது. கருவி அன்றோடு சரி. அந்த வகை அடாப்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலிவானவற்றில் 4.5 என்று வைத்தாலும் மல்டிமீட்டரில் 7 வரை காட்டும். ஹெட்போனில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சலும் சேரும். 'ரெகுலேட்டட்' என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்களில் ரேடியோ பழுது பார்ப்பவர் ஒருவர் கிடைத்தால் அவரிடமே மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லி வாங்கலாம்.

பெரிய ஸ்பீக்கரில் கேட்க, கருவியில் 'லைன் அவுட்' துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் பின், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு பின் கொண்ட கம்பி வேண்டும். சிவப்பு வலது, வெள்ளை இடது. ஆம்ப்ளிஃபயரில் 'ஆக்ஸ்' என்று போட்ட இடத்தில் செருகுங்கள். 'ஃபோனோ' இசைத்தட்டுக்கானது, அங்கே செருகினால் அலறும். லைன் அவுட் இல்லையென்றால் ஹெட்போன் துளையே போதும்: கருவியின் ஒலியை முக்கால் அளவில் வைத்து, பாஸ் கூட்டும் பொத்தானை அணைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஆம்ப்ளிஃபயரில் செய்யுங்கள். அடாப்டரில் ஓடும்போது இரைந்து, செல்லில் ஓடும்போது இரைச்சல் நின்றால் குற்றவாளி அடாப்டர்.

இன்னொரு வேடிக்கை. இன்று எல்லோரிடமும் இருப்பது மைக் வைத்த செல்போன் இயர்போன். அதன் பின்னில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும். பழைய ஹெட்போனில் இரண்டுதான். சில பழைய கருவிகளில் இதைச் செருகினால் வயலினும் தபலாவும் கேட்கும், பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள் போய்விடும். கருவி கெடவில்லை, தரைக் கம்பி சரியாகத் தொடவில்லை. பின்னை ஒரு மில்லிமீட்டர் வெளியே இழுத்துப் பாருங்கள். குரல் திரும்பினால் பழைய வகை ஹெட்போன் ஒன்று வாங்கிவிடுங்கள், இழுத்துப் பிடித்துக்கொண்டே கச்சேரி கேட்க முடியாது. ஒலி எவ்வளவு கூட்டியும் ஏறவில்லை என்றால், காதைக் காக்கும் ஒலிக்கட்டுப்பாடு ஒன்று போட்டிருக்கிறதா பாருங்கள். சோனியில் அதற்கு ஏ.வி.எல்.எஸ். என்று பெயர்.

வழியில்

சாலையில் இந்தக் கருவியின் எதிரி குலுக்கல். அதைச் சமாளிக்க வந்ததுதான் நினைவகம். தட்டைப் பாட்டின் வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தில் படித்து, வரப்போகும் சில நொடிகளை முன்கூட்டியே சேமித்துக்கொள்கிறது கருவி. லென்ஸ் தடத்தைத் தவறவிட்டுத் தேடிக்கொண்டிருக்கும்போது நாம் கேட்பது அந்தச் சேமிப்பை. முதலில் வந்தவற்றில் மூன்று நொடி, பிறகு பத்து, பிறகு நாற்பது.

பத்திலிருந்து நாற்பதுக்குத் தாவியது எப்படி என்பதை விளம்பரங்கள் சொல்லவில்லை. சி.டி. ஒரு நொடிக்குத் தருவது 14 லட்சம் பிட்டுக்கு மேல். பத்து நொடியை அப்படியே வைக்கவே 140 லட்சம் பிட் இடம் வேண்டும். நாற்பது நொடி என்று போட்ட பல கருவிகள் ஒலியை நான்கில் ஒன்றாக நசுக்கித்தான் சேமித்தன. அதனால்தான் சில கருவிகளில் 10, 40 என்று இரண்டு நிலை வைத்திருக்கிறார்கள். வீட்டில் 10இல் வையுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். தம்புரா சுருதியும் ஜாலராவும் தெளிவாக இருக்கும். பேருந்தில் 40. எஞ்சின் இரைச்சலில் அந்த வித்தியாசம் யாருக்கும் கேட்கப் போவதில்லை.

நினைவகம் தீராத கஜானா அல்ல. ஒரு பள்ளத்தைத் தாங்கும், இரண்டைத் தாங்கும். நடுவில் மூச்சுவிட நேரம் கிடைத்தால்தான் மறுபடி நிரம்பும். கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவில் என் கருவி ஒருமுறைகூடத் திக்கவில்லை. வளைவு மெதுவான அசைவு. மலை இறங்கி வந்த பிறகு, பெயர்ந்து கிடந்த ஒரு ஊராட்சிச் சாலையில் இரண்டு கிலோமீட்டருக்குள் கைகொடுக்காமல் போயிற்று. விடாமல் அடிக்கும் சின்னக் குலுக்கல்தான் ஆபத்து.

எங்கே வைக்கிறீர்கள் என்பதில் பாதி வெற்றி. பேருந்தில் பின்சக்கரத்துக்கு மேலும் அதற்குப் பின்னும் உள்ள இருக்கைகளைத் தவிர்த்து நடுவில் உட்காருங்கள். கருவியை மடியில் வையுங்கள்; இருக்கை, முன்கம்பி, ஜன்னல் விளிம்பு எதுவும் வேண்டாம். உடம்பைப் போல அதிர்வை வாங்கிக்கொள்ளும் மெத்தை வேறில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று புரட்டாதீர்கள். சுழலும் தட்டு பம்பரம் மாதிரி தன் நிலையை விடாது. நீங்கள் பெட்டியைத் திருப்ப, தட்டு உள்ளே உரசும்.

காரில் ஆக்ஸ் துளை இருந்தால் வேறு யோசனை வேண்டாம். பழைய கேசட் பிளேயர் உள்ள காரென்றால், கேசட் வடிவத்தில் வால்போலக் கம்பி தொங்கும் அடாப்டர் ஒன்று உண்டு; அதன் உள்ளே இருக்கும் சின்ன காந்தத் தலை காரின் கேசட் தலைக்கு ஒலியைக் கடத்தும். எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் என் கடைசித் தேர்வு. நகரத்துக்குள் காலி அலைவரிசை தேடியே பாட்டு முடிந்துவிடும். சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் ஒரு கீச்சொலி வந்தால், செல்லுக்கு மாறுங்கள். கருவியை டேஷ்போர்டில் வைக்க வேண்டாம், பக்கத்து இருக்கையில் மடித்த துண்டின் மேல் வையுங்கள். சித்திரை வெயிலில் சாத்திய காரில் தட்டுகளை விட்டுப் போனால் வளைந்துபோகும். வீட்டில் எழுதிய தட்டென்றால் சாயமும் மங்கும். வண்டி ஓட்டுகிறவர், இருசக்கரமோ நான்கு சக்கரமோ, காதில் எதையும் மாட்ட வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒரு வழிக்கோளாறு உண்டு. ஏ.சி. பேருந்தில் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கருவியோடு விடிகாலை நாகர்கோவிலில் இறங்குகிறீர்கள். மூக்குக்கண்ணாடி பனிக்கிறது அல்லவா, லென்ஸும் அப்படியே பனிக்கும். அப்போது போட்டால் 'தட்டு இல்லை' என்றுதான் சொல்லும். தட்டை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா வையுங்கள். துடைக்கப் போகாதீர்கள்.

செல் விஷயத்தில் சுருக்கமாக: பெரும்பாலான கருவிகளுக்கு இரண்டு பென்சில் செல். சார்ஜ் செய்யும் நிக்கல் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் என்பதால் திரையில் பேட்டரிக் கோடு சீக்கிரமே குறைந்ததாகக் காட்டும், அதை நம்ப வேண்டாம். புதிதையும் பழையதையும் கலக்காதீர்கள். சாதாரண ஆல்கலைன் செல்லைச் சார்ஜரில் போடவே கூடாது. மாதக்கணக்கில் கருவியை எடுக்கப் போவதில்லை என்றால் செல்லை வெளியே எடுத்துவிடுங்கள். கசிந்து வெள்ளை உப்பு படிந்துவிட்டால், பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, நன்றாகக் காயவையுங்கள். செத்ததாக ஒதுக்கிய கருவிகள் பல இதற்கே எழுந்துவிடும்.

வீட்டில் எழுதிய தட்டுகள்

கணினியில் எழுதும்போது 'ஆடியோ சி.டி.' என்பதைத் தேர்ந்தெடுத்து, தட்டை முடித்து மூட வேண்டும். முடிக்காத தட்டைக் கையடக்கக் கருவி படிக்காது. அழித்து எழுதும் வகைத் தட்டு ஒளியைக் குறைவாகவே திருப்பியனுப்பும், பழைய கருவிகளுக்கு அது கண்ணில் படாது. ஒரே தட்டில் நூறு நூற்றைம்பது பாட்டு என்று விற்ற எம்.பி.3 தட்டுகள் வேறு இனம். 700 மெகாபைட் தட்டில் 128 கிலோபிட் தரத்தில் பன்னிரண்டு மணி நேரம் அடங்கும். ஆனால் மூடியில் எம்.பி.3 என்று எழுதியிருக்கும் கருவியில்தான் அது பாடும்.

தாள் லேபிள் ஒட்டாதீர்கள். ஒரு பக்கம் கனத்து, தட்டு ஆடும்.

பழையதை வாங்கும்போது

மூர் மார்க்கெட் வளாகமோ நண்பர் வீட்டுப் பரணோ, கையில் உங்கள் தட்டு ஒன்றோடு போங்கள், 70 நிமிடத்துக்கு மேல் நிரம்பிய தட்டாகப் பார்த்து. முதல் பாட்டைப் போடுங்கள், உடனே கடைசிப் பாட்டுக்குத் தாவுங்கள். தொடக்கத்தில் தட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 சுற்று சுழலும், கடைசியில் 200. மோட்டாரும், லென்ஸை நகர்த்தும் பல்சக்கரங்களும் சோர்ந்திருந்தால் இந்த இரண்டு முனையில்தான் தெரியும். செல் பெட்டியைத் திறந்து உப்பு இருக்கிறதா பாருங்கள். அடாப்டரில் மட்டும் ஓட்டிக் காட்டுகிறவரிடம் செல்லிலும் ஓட்டச் சொல்லுங்கள்.

ஒரே தட்டு மட்டும் ஓரிடத்தில் திக்கினால் தவறு தட்டில். எல்லாத் தட்டும் எங்கெங்கோ திக்கினால், இப்போது லென்ஸைச் சந்தேகப்படலாம். கேமரா துடைக்கும் ரப்பர் ஊதியால் முதலில் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அதற்கும் சரியாகவில்லை என்றால், செல்போன் பழுது பார்ப்பவர்கள் ஐ.பி.ஏ. என்று சொல்லும் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, அதைத் தாளில் ஒற்றி எடுத்துவிட்டு, லென்ஸின் மேல் பாரமே இல்லாமல் ஒரு சுற்று. காய ஐந்து நிமிடம். தூரிகை ஒட்டிய 'லென்ஸ் கிளீனர்' தட்டுகளை நான் கையடக்கக் கருவியில் போடுவதில்லை. கம்பியில் தொங்குகிற ஒன்றை அடித்துத் துடைப்பது போல அது.

அதற்கும் படிக்கவில்லையென்றால் லேசருக்கு வயதாகிவிட்டது. அதை மாற்றும் செலவில் ஓடுகிற பழைய கருவி இன்னொன்று கிடைக்கும். ஆனாலும் செத்ததைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் செல் பெட்டி மூடியைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கருவிகளில் முதலில் தொலைவது அதுதான். தனியாக எங்கும் விலைக்குக் கிடைப்பதில்லை.